இசைத்தட்டு, மாத்திரை, தாலிக்குண்டு: ஒரே பூச்சியின் பிசின்

1902 நவம்பரில் கல்கத்தாவின் ஓர் ஓட்டல் அறையில் ஹிந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் ஒலிப்பதிவுக் கொம்புக்குள் பாடினார். லண்டனிலிருந்து கப்பலேறி வந்திருந்த கிராமபோன் நிறுவன ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் பதிவு செய்தார். பாட்டு முடிகிற இடத்தில் கௌஹர் ஜான் ஆங்கிலத்தில் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று உரக்கச் சொல்வது இன்றும் அந்தப் பதிவுகளில் கேட்கும். கேட்கிறவர்கள் பலர் அதைக் கலைஞரின் பெருமிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தொழிற்சாலைக்கான அடையாளக் குரல். அன்றைக்கு இந்தியாவில் தட்டு அச்சிடும் ஆலை கிடையாது. மெழுகில் வெட்டிய மூலப் பதிவு ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலில் போகும். அங்கே அச்சிடும் தொழிலாளிக்கு ஹிந்துஸ்தானியும் தெரியாது, பாடகியையும் தெரியாது. எந்த உறையில் எந்தத் தட்டு என்று குழம்பாமல் இருக்கத்தான் பெயரைச் சொல்லி முடிப்பது.

இந்தக் கதை ஓரளவுக்குப் பலருக்கும் தெரியும். கூடவே வந்திருக்க வேண்டிய இன்னொரு செய்தி விடுபட்டுப் போகிறது. ஹனோவரில் அந்தத் தட்டை எதில் அச்சிட்டார்கள்? அரக்கில். அந்த அரக்கும் இந்தியாவிலிருந்துதான் போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் ஒரு பூச்சி சுரந்த பிசின் கல்கத்தா துறைமுகம் வழியாக ஐரோப்பா போய், கல்கத்தாப் பாடகியின் குரலைத் தாங்கிக்கொண்டு மறுபடி கல்கத்தாவுக்கே வந்து சேர்ந்தது. கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை வந்தது 1908-இல்தான்.

அந்தப் பிசினுக்கு முக்கியமாக நான்கு குணங்கள். ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் இளகும், ஆறினால் மறுபடி கல்லாகும். எரிசாராயத்தில் கரையும். காரத்தில் கரையும். தண்ணீரிலும் அமிலத்திலும் கரையாது. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் இது எங்கெங்கே பயன்படுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

முதலில் பூச்சி. கெர்ரியா லாக்கா என்பது அதன் அறிவியல் பெயர். செதில்பூச்சி, மாவுப்பூச்சி இனத்துக்கு உறவு. குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும், செந்நிறம். தாயின் கூட்டிலிருந்து வெளியே வந்ததும் இளங்கிளையைத் தேடி ஊர்ந்து, பிடித்த இடத்தில் உறிஞ்சுகுழலைப் பட்டைக்குள் செலுத்தி உட்கார்ந்துவிடும். பெண் பூச்சியைப் பொறுத்தவரை அதுதான் கடைசி நடை. முதல் தோலுரிப்போடு காலும் கண்ணும் உணர்கொம்பும் போய்விடும். மரச்சாற்றைக் குடித்துக்கொண்டே உடலெங்கும் பிசினைச் சுரந்து தன்னைத் தானே மூடிக்கொள்ளும். வாய், இரண்டு மூச்சுத் துளைகள், கழிவுத் துளை இவை மட்டும் திறந்திருக்கும். அந்தத் துளைகள் அடைபடாமல் இருக்க வெள்ளை மெழுகு இழைகளை வெளியே நீட்டும். கிளையின் மேல் வெள்ளைப் பஞ்சு ஒட்டினதுபோல் தெரிந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அரக்கு விவசாயி புரிந்துகொள்வார். நெருக்கமாக உட்கார்ந்த பூச்சிகளின் சுரப்பெல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, கிளையைச் சுற்றி ஒரே மேலோடாக இறுகிவிடும். முட்டை வைத்ததும் தாய் உள்ளேயே சாகிறது. வேலை முடிந்த மேலோடுதான் நமக்கு அரக்கு.

எல்லா மரமும் இதற்குச் சரிப்படாது. புரசு, இலந்தை, கும்பாதிரி மூன்றும்தான் முதன்மையானவை. புரசிலும் இலந்தையிலும் வளர்வது ரங்கீனி வகை, கும்பாதிரியில் வளர்வது குசுமி வகை. நிறம் வெளிறி, தரம் உயர்ந்து, விலையும் கூடக் கிடைப்பது குசுமிக்கு. இரண்டு வகையும் ஆண்டுக்கு இரண்டு அறுவடை தரும். ரங்கீனியில் ஜூலையில் ஏற்றி அக்டோபர், நவம்பரில் எடுப்பது காத்கி. அப்போது ஏற்றி அடுத்த ஜூன், ஜூலையில் எடுப்பது பைசாகி.

சாகுபடி என்றால் விதைப்பது இல்லை, கட்டுவது. ஆறு மாதம் முன்பே மரத்தைக் கவாத்து செய்து இளந்தளிர் வரவைக்க வேண்டும். கும்பாதிரிக்கு 18 மாதம் ஓய்வு தேவை. குஞ்சு பொரிக்கப்போகிற விதையரக்குக் குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மூன்று நான்காகச் சேர்த்துத் தளிர் இருக்கும் கிளையோடு ஒட்டினாற்போல் கட்டுவார்கள். குஞ்சுகள் தாமாக ஊர்ந்து ஏறிக்கொள்ளும். மூன்று வாரத்துக்குள் அந்தக் காலிக் குச்சிகளை அவிழ்த்து எடுத்தே ஆக வேண்டும். சோம்பலில் அதை விட்டுவைப்பதுதான் விளைச்சல் கெடுவதற்கு முக்கியமான காரணம். அரக்குப்பூச்சியைத் தின்னும் இரண்டு வகை அந்துப்பூச்சிகளின் புழுக்கள் அந்தக் குச்சிக்குள்தான் இருக்கும், அங்கிருந்து புதுப் பயிருக்குத் தாவும். இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. விதையரக்கை 60 கண் நைலான் வலைப்பையில் போட்டுக் கட்டினால் அரை மில்லிமீட்டர் குஞ்சு வெளியே வந்துவிடும், அந்துப்பூச்சி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். செலவு குறைந்த, அழகான ஏற்பாடு.

எறும்பையும் கவனிக்க வேண்டும். பூச்சி வெளியேற்றும் தேன்துளியை எறும்பு நக்கித் தின்னும். எறும்பு இல்லாவிட்டால் அந்தத் தேன்துளி இலையிலும் கிளையிலும் சொட்டி, கரும்பூசணம் படர்ந்து மூச்சுத் துளைகளை அடைத்துவிடும்.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் பழங்குடி மக்கள்தான் இந்தப் பயிரின் உண்மையான நிபுணர்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-லேயே அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். ஒரு பூச்சியின் பிசினுக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் என்றால் அன்றைய வாணிபத்தில் அதன் எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கிளையோடு இருப்பது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, நொறுக்கி, தொட்டியில் போட்டு அலசுவார்கள். அலசும் தண்ணீர் இரத்தச் சிவப்பாக ஓடும். அந்தச் சிவப்பு பூச்சியின் உடலிலிருந்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தச் சிவப்புதான் பெரிய சரக்கு. ஆடுபவர்கள் காலில் பூசிய அலத்தகம் என்கிற செம்பஞ்சுக் குழம்புக்கு இதுவே சாயம். கம்பளித் துணிக்கும் பட்டுக்கும் சிவப்பு ஏற்ற ஐரோப்பா இதை வாங்கியது. 1856-இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அரக்குச் சாயச் சந்தை படுத்துவிட்டது. சிவப்புத் தண்ணீர் வாய்க்காலில் கழிவாக ஓட ஆரம்பித்தது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் இசைத்தட்டு வந்து பிசினைத் தூக்கிப் பிடித்தது. ஒரே பயிரில் எது சரக்கு, எது கழிவு என்பது முப்பது நாற்பது ஆண்டுக்குள் மாறிப்போனது எனக்கு வணிக வரலாற்றில் மிகவும் பிடித்த திருப்பம்.

அலசிக் காயவைத்த குருணையைத் தகடாக்கும் பழைய முறையை மிர்சாபூர், பலராம்பூர் பக்கத்துப் பட்டறைகள் வளர்த்தெடுத்தன. இரண்டு விரல் கனமும் முப்பதடி வரை நீளமும் உள்ள துணிக்குழாயில் குருணையை அடைப்பார்கள். ஒரு முனையைக் கரி அடுப்பின் முன் ஒருவர் பிடித்துக்கொள்வார், மறுமுனையை இன்னொருவர் முறுக்குவார். சூட்டில் இளகிய அரக்கு துணியின் இழை வழியே கசியும். குப்பையும் மரப்பட்டையும் உள்ளேயே தங்கிவிடும். கசிந்ததை வழித்து, வெந்நீர் நிரப்பிய பீங்கான் உருளையின் மேல் பரப்புவார்கள். பிறகு மூன்றாவது ஆள் அந்த இளஞ்சூட்டு அடையை எடுத்து, இரு கை, கால்விரல், பல் எல்லாவற்றாலும் கவ்விப் பிடித்து விரித்து இழுப்பார். சில நொடிதான் அவகாசம். அதற்குள் கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு தகடு ஆகிவிட வேண்டும். சூடு குறைந்தால் கிழியும், கூடினால் தொங்கும். அந்தத் தகட்டை நொறுக்கினால் அவலரக்கு. உலகம் வாங்கியது இதைத்தான். இப்போது இயந்திரமும் கரைப்பான் முறையும் வந்துவிட்டன, ஆனாலும் கையால் இழுக்கும் பட்டறை முற்றாக மறையவில்லை.

எமில் பெர்லினர் தட்டு வடிவ கிராமபோனுக்கு 1887-இல் காப்புரிமை எடுத்தார். அவருடைய ஆரம்பத் தட்டுகள் கெட்டி ரப்பரில் செய்யப்பட்டன. அவை சீராக அச்சாகவில்லை, இடையிடையே தட்டையான திட்டுகள் விழுந்தன. நியூஜெர்சியின் நூவார்க் நகரில் அரக்குக் கலவையில் பொத்தான் முதலிய சிறு பொருள்களை அச்சடித்துக்கொண்டிருந்த டியூரனாய்டு நிறுவனத்திடம் அச்சடிக்கக் கொடுத்துப் பார்த்தார். 1897 வாக்கில் அரக்கே நிலைத்துவிட்டது. சூடாக்கினால் அச்சின் நுணுக்கமான வரியெல்லாம் நிரம்பும், ஆறினால் அப்படியே உறையும். மேலே சொன்ன முதல் குணம்தான்.

ஆனால் இசைத்தட்டு முழுவதும் அரக்கு என்று நினைத்தால் தவறு. அரக்கின் பங்கு பெரும்பாலும் 15 முதல் 30 விழுக்காடு. மற்றதெல்லாம் பொடித்த பலகைக்கல், சுண்ணாம்புக்கல், பஞ்சு இழை, கருமைக்குப் புகைக்கரி, கொஞ்சம் மெழுகு. கல்பொடி வெறும் கலப்படம் இல்லை. பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி ஊசியின் மேல் 100 கிராமுக்கு மேல் எடையை ஏற்றும். புது எஃகு ஊசியின் முனை தட்டின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தாது. பொருந்தாத ஊசி அவ்வளவு எடையோடு ஓடினால் பள்ளமே பெயர்ந்துவிடும். அதனால் தட்டிலேயே அரைக்கும் பொருளைக் கலந்தார்கள். முதல் சில சுற்றில் கல்பொடி ஊசி முனையைத் தேய்த்துப் பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஊசி தட்டைத் தேய்ப்பதற்கு முன்னால் தட்டு ஊசியைத் தேய்த்தது! பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற விதி அதனால்தான். ஒரு பக்கம் ஓடி முடிந்த ஊசியில் உளி மாதிரி விளிம்பு உண்டாகியிருக்கும், அதை மறுபடி போட்டால் அடுத்த தட்டை உழுதுவிடும். இருநூறு ஊசி கொண்ட சின்னத் தகர டப்பாக்கள் வீடு வீடாக இருந்ததற்கும் இதுவே காரணம். பழைய தட்டில் கேட்கும் அந்தப் பொரியும் இரைச்சலில் பெரும்பங்கு கல்பொடியின் சத்தம்.

மூன்று நிமிடப் பாட்டும் இங்கிருந்து வந்ததுதான். பத்து அங்குலத் தட்டில் பள்ளம் வெட்ட ஏறக்குறைய இரண்டே முக்கால் அங்குல அகலம் கிடைக்கும். கல்பொடி கலந்த பொருளில் அங்குலத்துக்கு 90 முதல் 100 சுற்றுக்கு மேல் நெருக்க முடியாது. ஆக மொத்தம் 250, 270 சுற்று. நிமிடத்துக்கு 78 சுற்று என்றால் மூன்றேகால், மூன்றரை நிமிடம். ஒரு மணி நேரம் விரிகிற ராகத்தையும் இதற்குள் அடக்கித்தான் கலைஞர்கள் பாடினார்கள். 78 என்ற எண்ணும் முழு எண் இல்லை. மின்சார மோட்டார் வந்தபோது அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 3600 சுற்று ஓடும் மோட்டாரை 46-க்கு 1 என்று பல்சக்கரத்தால் குறைத்தால் 78.26 வரும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில், நம் நாடு உட்பட, 77 கோடு போட்ட வேகச்சோதனைத் தட்டில் 77.92 வரும். 1920-களுக்கு முந்தைய தட்டுகள் 70-லிருந்து 80-க்கும் மேல் வரை எந்த வேகத்திலும் பதிவாகியிருக்கலாம். அந்தக் காலத்துப் பாடகரின் சுருதி இதுதான் என்று தட்டை வைத்து முடிவு சொல்பவர்கள் முதலில் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும்.

தமிழுக்கு இந்தப் பிசின் செய்த உதவி ஒன்றை மட்டும் சொன்னாலே போதும். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933-இல் காலமானபோது வயது 27. தமிழ்த் திரை பேச ஆரம்பித்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது, அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் எத்தனை ஊரை மயக்கியிருந்தாலும் மேடைக்குரல் காற்றோடு போனது. அவர் பாடிய 'எவரனி' கீர்த்தனை இன்று நமக்குக் கேட்கிறதென்றால் அரக்குத் தட்டு ஒன்றால்தான். ஏ.வி.மெய்யப்பனும் படம் எடுக்க வருவதற்கு முன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம் நடத்தியவர். தமிழ் சினிமாவின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் வேரும் இந்தக் கருப்புத் தட்டில் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போர் இந்த ஏகபோகத்தை உடைத்தது. அவலரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போக வேண்டும், கடல்வழி ஆபத்தாகிவிட்டது, வெடிமருந்துப் பூச்சுக்கும் மின்காப்புக்கும் ராணுவத்துக்கே தேவை. 1942 ஏப்ரலில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் இசைத்தட்டுக்கான அரக்கை 70 விழுக்காடு வெட்டியது. பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்து மறுபடி அச்சிட்டார்கள், இரைச்சல் கூடியது. படைவீரர்களுக்கு அனுப்பிய தட்டுகளில் வினைலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உடையவில்லை, இரைச்சலும் இல்லை. கல்பொடி தேவைப்படாத பொருள் என்பதால் பள்ளத்தை நுணுக்கி நெருக்கவும் முடிந்தது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டை வெளியிட்டது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல். மேல்நாட்டில் அரக்குத் தட்டு பத்தே ஆண்டில் முடிந்தது. இந்தியாவில் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் கிராமங்களில் ஏராளமாக இருந்ததால் 1960-களிலும் 78 தொடர்ந்தது. அதனால்தான் பீட்டில்ஸ் பாடல்கள் 78 சுற்றுத் தட்டில் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகின. இங்கிலாந்தில் அவர்களுக்கு அந்த வடிவத்தில் தட்டே வந்ததில்லை. உலகச் சேகரிப்பாளர்கள் இன்று இந்தியத் தட்டைத் தேடுவதற்குக் காரணம் இது.

இசை விட்ட பிறகும் பிசின் நம் வீட்டைவிட்டுப் போகவில்லை. மிட்டாய், சாக்லேட் பொதியில் ஐஎன்எஸ் 904 அல்லது இ 904 என்று போட்டிருந்தால் அது அரக்குப் பூச்சு. பூச்சியிலிருந்து வருவதை உண்ண விரும்பாதவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். கடையில் மினுக்கும் ஆப்பிளிலும் இது இருக்கலாம். அறுவடைக்குப் பின் கழுவும்போது பழத்தின் இயற்கை மெழுகு போய்விடுகிறது, ஈரம் வற்றாமல் இருக்க அரக்கோ கர்னாபா மெழுகோ பூசுகிறார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழம் வெளிக்காற்றில் வியர்த்தால் அரக்குப் பூச்சு வெளுத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். அதைப் பூச்சிமருந்து என்று எண்ணிப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்ட அரக்கு அது, அவ்வளவே.

மாத்திரையில் அதன் அமிலம் தாங்கும் குணம் வேலை செய்கிறது. இரைப்பையின் அமிலத்தில் அரக்கு கரையாது, குடலுக்குப் போய்ச் சூழல் நடுநிலைக்கு வந்த பிறகே கரையும். இரைப்பையைப் புண்ணாக்கும் மருந்தையும், அமிலத்தில் கெட்டுப்போகும் மருந்தையும் இப்படிக் காத்து அனுப்பலாம். குறையும் உண்டு. அது கரையும் காரகாடி எண் (pH) ஏறக்குறைய 7 என்பதால் சிறுகுடலின் முற்பகுதியில் கரையாமல் தாமதமாகலாம், பழசாகப் பழசாகக் கரைதிறனும் குறையும். அதனால் இப்போது செயற்கைப் பூச்சுகளே அதிகம். எந்தப் பூச்சாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: குடலில் கரையவேண்டிய மாத்திரையைப் பொடித்தோ உடைத்தோ விழுங்கக்கூடாது.

தாலிக்குண்டு, ஜிமிக்கி, கோயில் நகை, உட்கூடு வளையல் இவற்றில் பலவற்றின் வயிற்றில் அரக்குதான். மெல்லிய தங்கத் தகடு உள்ளே வெறுமையாக இருந்தால் விரல் அழுத்தத்தில் நெளியும், அரக்கு தாங்கிக்கொள்ளும். ஒரு கனசென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், அதே அளவு அரக்கு 1.2 கிராமுக்குள். எடை குறைவுதான், ஆனாலும் அது தங்க விலையில் எடைபோடப்பட்டால் பணம் போகும். வாங்கும்போது மொத்த எடை, அரக்கு மற்றும் கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றையும் ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அடகு வைக்கும்போது கழிப்பார்கள், உருக்கினால் எரிந்தே போகும். அரக்கு வைத்த நகையைக் கொதிநீரில் போட்டுக் கழுவக்கூடாது. 70 டிகிரியில் இளகி, தையல் வழியே கசிந்து, கல் ஆட்டம் கொடுக்கும். இளஞ்சூட்டு நீர், மென்மையான பிரஷ், உடனே துடைப்பது போதும்.

சென்னப்பட்டணா பொம்மையிலும் அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமானிலும் உள்ள வண்ணம் தூரிகையால் பூசியது இல்லை. கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உராய்வுச் சூட்டில் அது உருகி மரத்தில் ஏறும். சென்னப்பட்டணாவில் அதன்மேல் தாழை ஓலையை வைத்து அழுத்தினால் பளபளப்பு வரும். சீன, ஜப்பானிய லாக்கர் பாத்திரங்களை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. அது ஒரு மரத்தின் பால், ஈரக்காற்றில் இறுகும், சாராயத்தில் கரையாது.

மரச்சாமானுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுவோருக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், இங்கேதான் தவறுகள் அதிகம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அவலரக்கு என்றால் நீர்த்த கரைசல், முதல் பூச்சுக்கும் துணிப்பொட்டலத்தால் தேய்ப்பதற்கும் ஏற்றது. 240 கிராம் என்றால் தூரிகைப் பூச்சுக்கு. கண்ணாடி ஜாடியில் கரையுங்கள். இரும்பு டப்பாவில் கரைத்தால் கருத்துவிடும். முதல் சில மணி நேரம் அவ்வப்போது கிளறாவிட்டால் அடியில் கட்டியாக உட்காரும். ஒரு நாள் ஊறியபின் மெல்லிய துணியில் வடிகட்டி, ஜாடியில் தேதி எழுதிவையுங்கள். டர்பன்டைனிலும் மண்ணெண்ணெயிலும் இது கரையாது.

தேதி ஏன் என்றால், கரைசல் ஆறு மாதத்துக்கு மேல் நம்பத்தகுந்ததில்லை. அரக்கில் உள்ள அமிலங்கள் சாராயத்தோடு மெல்ல வினைபுரிவதால் பழைய கரைசல் காயாமல் பிசுபிசுத்தே நிற்கும். காயாத பூச்சை முழுக்க அகற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. எனவே முன்கூட்டி ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு அரைமணி கழித்து நகத்தால் கீறுங்கள். நகம் பதிந்தால் அந்த ஜாடி வேண்டாம்.

பஞ்சை உள்ளே வைத்து, நூல் பிரியாத பழைய வேட்டித் துணியால் மூடிக் கட்டிய பொட்டலத்தை நனைத்து, அடியில் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தடவி, வட்டமாகவும் எட்டு போட்டும் தேய்க்க வேண்டும். பொட்டலம் மரத்தின் மேல் ஒரு கணமும் நிற்கக்கூடாது. புதுச் சாராயம் பழைய பூச்சைக் கரைக்கும், நின்ற இடத்தில் பள்ளம் விழும். இதே குணம்தான் இந்தப் பாலிஷின் பெரிய வசதியும். நூறாண்டு பழைய நாற்காலியின் பூச்சைச் சுரண்டாமலே புதுப்பூச்சு அதோடு கரைந்து ஒன்றாகிவிடும். மெல்லிய பூச்சாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள். மழைநாளில் ஆரம்பிக்காதீர்கள். சாராயம் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பால்நிறமாக வெளுக்கும். ஆப்பிளில் பார்த்த அதே வெளுப்பு. லேசாக இருந்தால் ஏறக்குறைய உலர்ந்த, ஸ்பிரிட் தொட்ட பொட்டலத்தை மேலாக ஒருமுறை ஓட்டினால் ஈரம் விடுபட்டுத் தெளியும். சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையத்துக்கும் இதே வைத்தியம். கைகழுவும் சானிடைசரை மட்டும் பழைய மேசைமேல் வைக்காதீர்கள், அதில் இருப்பது சாராயம்.

இதே எச்சரிக்கை பழைய இசைத்தட்டுக்கு இரண்டு மடங்கு. வினைல் தட்டுக்கென்று விற்கும் துப்புரவுத் திரவங்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அதை 78 தட்டில் தெளித்தால் பள்ளத்தின் மேல்தோல் கரைந்து, பாட்டே அழிந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவமும் காரம் என்பதால் அதே கேடு செய்யும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பது, பிறகு வெறும் நீரில் அலசிச் செங்குத்தாக நிறுத்திக் காயவைப்பது. நடுவிலுள்ள காகித லேபிள் நனையக்கூடாது. விரிசல் விட்ட தட்டை நீரில் முக்கக்கூடாது. எடிசன் நிறுவனத்தின் கனத்த வைரத்தட்டு கையில் கிடைத்தால் தண்ணீரே கூடாது, அதன் உட்பகுதி மரத்தூளும் களிமண்ணும் கலந்தது, நீர் புகுந்தால் உப்பி மேல்தோல் உரியும்.

தட்டுகளை அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், வெயில் படும் சன்னல் ஓரமும் மூடிய காரும் வேண்டாம். இப்போதைய டர்ன்டேபிளில் ஓட்டுவதானால் 78-க்கான ஊசிமுனை தேவை. நெடுந்தட்டு ஊசி ஏறக்குறைய 18 முதல் 25 மைக்ரான், 78-க்குத் தேவை 75 மைக்ரான் அளவு. மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் சேர்ந்த தூசியையும் சிதைவையும் உரசிக்கொண்டு ஓடி வெறும் இரைச்சலைத்தான் தரும்.

உடைந்த தட்டையும் தூக்கி எறிய வேண்டாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டலி ஃபதேயேவும் ஐரீன் என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். தட்டைத் தொடாமலேயே அதன் பள்ளங்களை நுண்படம் எடுத்து, படத்திலிருந்து ஒலியைக் கணினியில் கணக்கிட்டு எடுக்கும் முறை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. உடைந்த துண்டுகளைச் சரியாகப் பொருத்தி வைத்துப் படமெடுக்க முடிந்தால் பாட்டு மீளும். எனவே துண்டுகளை ஒட்டுப்பசை போட்டு ஒட்டாதீர்கள், பசை பள்ளத்துக்குள் வழிந்தால் படமும் கெடும். உடைந்த ஓரங்கள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொரு துண்டையும் அமிலமற்ற தாளில் தனித்தனியாகச் சுற்றி, தட்டையான அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, பாடகர் பெயரையும் தட்டு எண்ணையும் மேலே எழுதி வையுங்கள்.